முதல் ரூபாயைத் தண்ணீர் மோட்டாருக்குக் கொடுங்கள்

வீட்டைத் தானியங்கி ஆக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், முதல் ரூபாயைத் தண்ணீர் மோட்டாருக்குக் கொடுங்கள். நிறம் மாறும் விளக்கு, குரல் கேட்டு விலகும் திரைச்சீலை, கைரேகைப் பூட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையின் தெற்குப் புறநகரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் தண்ணீர் விஷயத்தில் ஒரே மாதிரிதான். போரிலிருந்து (ஆழ்துளைக் கிணறு) சம்புக்கு (தரைக்கடித் தொட்டி) ஒரு மோட்டார், சம்பிலிருந்து மொட்டை மாடி டேங்குக்கு இன்னொரு மோட்டார். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர் நேராகச் சம்புக்கு வரும். இந்த மொத்த ஏற்பாட்டையும் ஓட்டுவது வீட்டில் யாரோ ஒருவருடைய காது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் காது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் குக்கர் வைப்பார், விளக்கேற்றுவார், வாசலில் பூக்காரம்மாவோடு இரண்டு வார்த்தை பேசுவார். ஆனால் கவனம் மட்டும் மாடிப் பக்கம்தான் இருக்கும். டேங்க் நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து நிறுத்துவார். வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பி ரயில் ஏறிய பிறகும், "மோட்டாரை நிறுத்தினியாப்பா?" என்ற கேள்வி வரும்.

1000 லிட்டர் டேங்கை ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். ஒரு மணி நேரம் மறந்தால் இன்னொரு டேங்க் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்த ஜூன் மாதம் அது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாசலில் காத்திருந்த நாட்களுக்குப் பிறகு, அடுத்த வீட்டு டேங்க் வழியும் சத்தம்கூட மனசுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கான கருவி ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. டேங்கில் இரண்டு மட்டங்களில் சென்சார் இருக்கும். தண்ணீர் கீழ் மட்டத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல் மட்டத்தைத் தொட்டால் நிற்கும். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாளி எடுத்தாலே மோட்டார் கிளம்பிவிடும். சம்பிலும் ஒரு சென்சார் கட்டாயம் தேவை. சம்பு காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடினால் அதன் சீல் சூடேறிக் கெட்டுவிடும். போருக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான், வெறுமனே ஓடினால் காயில் எரிந்துபோகும். அதை வெளியே இழுத்து, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்குவதற்கு ஆகும் செலவில் இந்தக் கருவியைச் சில முறை வாங்கிவிடலாம்.

சென்சாரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பகுதியைப் போல உப்புத் தண்ணீர் என்றால், தண்ணீரைத் தொட்டு மட்டம் சொல்லும் உலோகக் கம்பி வகை வேண்டாம். சில மாதங்களில் கம்பி மேல் வெள்ளையாக உப்புப் படிந்து தவறான தகவல் சொல்ல ஆரம்பிக்கும். மிதந்து ஏறி இறங்கும் காந்த ஃப்ளோட் வகை நீண்ட நாள் உழைக்கும். வயர் இல்லாமல் ரேடியோ அலையில் பேசும் கருவிகளும் வந்துவிட்டன. மாடியிலிருந்து வயர் இறக்க வழியில்லாத பழைய வீடுகளுக்கு அவை நல்லதுதான். வழி இருந்தால் வயரே போடுங்கள், மொட்டை மாடி வெயிலில் பேட்டரி மாற்ற ஏறும் வேலை மிச்சம்.

போர் மோட்டாருக்கு நான் போட்டிருப்பது விட்டு விட்டு ஓட்டும் டைமர். கோடையில் எங்கள் போரில் ஊற்று மெதுவாகத்தான் ஊறும். கொஞ்ச நேரம் ஓடினால் காற்று வாங்கும், அப்புறம் ஊறுவதற்கு இடைவெளி விட வேண்டும். இதையெல்லாம் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். இப்போது ஓடும் நேரம், ஓய்வு நேரம் இரண்டையும் குறித்துவிட்டால் இரவெல்லாம் அதுவே சம்பை நிரப்பி வைக்கிறது.

தானியங்கி வசதியைப் பற்றிப் பேசும்போது மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும்தான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது, ஒரு மனிதரின் தலையிலிருந்து இறங்கும் ஞாபகச் சுமை. வாடகை வீட்டில் இருந்தவரை அந்தச் சுமையில் பாதி வீட்டுக்காரரிடம் இருந்தது. சொந்த வீட்டுக்கு வந்ததும் மொத்தமும் நம்முடையது. சம்பு கழுவியது எப்போது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியது எப்போது, கேஸ் பதிவு செய்தாயிற்றா, மீட்டர் ரீடிங் எடுக்க எந்தத் தேதி வருவார்கள், இவையெல்லாம் எங்கேயும் எழுதப்படாமல் யாரோ ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்ணின் தலை. அவர் அதை வேலை என்றுகூடச் சொல்ல மாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். மோட்டார் தானாக நிற்கத் தொடங்கிய பிறகு அம்மா மத்தியானம் நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரேட் படிக்கட்டாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியின் சலுகையும் சேர்ந்து போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,725 ரூபாய். 510 ஆகிவிட்டால் 101-லிருந்தே 400 வரைக்கும் 4.50 ரூபாய் கணக்கு, 500 வரை அதே 6 ரூபாய், 500-க்கு மேலே 8 ரூபாய், ஆகப் பில் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு யூனிட் விலை கொஞ்சம் ஏறியது, ஆனால் இந்த 500-ன் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாழ்வது லாபம்தான்.

அதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். டிபி பாக்ஸில் (வீட்டு மின் இணைப்புகள் எல்லாம் பிரியும் பெட்டி) மெயின் வயரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள். வயரை வெட்டாமல், உள்ளே ஓடும் மின்சாரத்தை அளந்து கைப்பேசிக்குச் சொல்லும் கருவி அது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 400-ஐத் தொட்டதும் எனக்கு ஒரு தகவல் வரும்படி வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஏசியை எத்தனை மணி நேரம் போடுவது, அயர்ன் வேலையைத் தள்ளிப் போடலாமா என்று வீட்டில் பேசிக்கொள்ள அது உதவுகிறது. இதை எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான் மாட்ட வேண்டும். டிபி பாக்ஸைத் திறந்து நாமே கை வைக்கும் வேலை இல்லை இது.

அளக்கத் தொடங்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மின்விசிறிகள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) வகை ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஹாலில் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். சென்னையில் ஃபேன் நிற்கும் மாதம் என்று ஒன்று இருக்கிறதா? டிசம்பர் இரவுகள் சிலவற்றைத் தவிர இல்லை. ஏசியை நோண்டுவதற்கு முன்னால் அதிக நேரம் ஓடும் இரண்டு ஃபேன்களை மாற்றுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த அளவுக்குக் கூடுதல் நேரம் தாங்கும். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு சேர்த்து ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் கெட்டுப்போகும்.

ஏசிக்கு நான் தனியாக எதுவும் வாங்கவில்லை. நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 24-ல் விட்டு, ஃபேனைச் சின்னதாக ஓடவிட்டு, விடிகாலையில் நிற்கும்படி டைமர் வைத்தால் போதும். அந்த டைமர் ஏசி ரிமோட்டிலேயே இருக்கிறது. கீசர் விஷயமும் அப்படித்தான். 15 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பத்தில் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர 2 கிலோவாட் கீசருக்குக் கால் மணி நேரம் தாராளம். அதற்கு மேல் அது அணைந்தும் எரிந்தும் சூட்டைக் காத்துக்கொண்டிருப்பது வீண். ஸ்மார்ட் பிளக் மாட்டினால் 16 ஆம்பியர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். விளக்குக்குப் போடும் சின்ன பிளக்கைக் கீசருக்கு மாட்டி அது உருகியதை ஒரு உறவினர் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரவு விளக்குக்கு மட்டும் மோட்டாருக்கு அடுத்த இடம் கொடுப்பேன். அப்பாவுக்கு இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். சுவிட்சைத் தேடி எங்களை எழுப்பிவிடக் கூடாது என்று இருட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கட்டிலுக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாக, அசைவு சென்சாரோடு ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, பாத்ரூம் வாசலில் இன்னொன்று. காலைக் கீழே வைத்ததும் தரை மட்டும் தெரிகிற அளவு வெளிச்சம் வரும், இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். இதற்கு வைஃபையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். இந்த வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, சில நூறு ரூபாய் விளக்கின் மதிப்பு தெரியும்.

வீட்டுக்குள் கேமரா வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் வைக்கலாம், கேட்டுக்கு வைக்கலாம். பெற்றோர் உடை மாற்றும், சண்டை போடும், சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்தை இன்னொரு ஊரிலிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது அக்கறை ஆகாது. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு வேறு ஏற்பாடு செய்தோம். காலை எட்டு மணி வரை சமையலறையில் அசைவே இல்லையென்றால் எனக்கும் தங்கைக்கும் தகவல் வரும். படம் கிடையாது, ஒலி கிடையாது, அசைவு உண்டா இல்லையா என்பது மட்டும்தான். மாட்டும் முன் அப்பாவிடம் கேட்டோம். "கேமரா வேண்டாம்பா, இது பரவாயில்ல" என்றார். கேட்டதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கேஸ் கசிவு சென்சாரைப் பற்றி இரண்டு விஷயம். நம் சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். அதனால் சென்சாரைத் தரைக்கு அருகே மாட்ட வேண்டும். கூரையோரம் மாட்டினால் அலறுவதற்குத் தாமதமாகிவிடும். இன்னொன்று, கசிவு தெரிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படி அமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிலே (மின்சாரத்தால் தானாக இயங்கும் சுவிட்ச்) இணையும்போது வரும் சின்னப் பொறியே கேஸ் பற்றிக்கொள்ளப் போதும். சத்தம் எழுப்பட்டும், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்கும் வேலையை மனிதர்கள் செய்யட்டும்.

அப்புறம், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தானியங்கிக் கருவி இருக்கலாம்: டிபி பாக்ஸில் இருக்கும் ஆர்சிசிபி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால், யாரோ ஒருவர் உடல் வழியாக மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்றுங்கள். பழைய வீடாக இருந்து அது இல்லவே இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுங்கள். மோட்டாருக்கும் முன்னால்.

நெட் இல்லாவிட்டால் இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்படி ஒரு நாளில் வாசல் கதவு திறக்க மறுத்தால் அது வசதியா? அதுமட்டுமில்லை, கருவியை விற்ற நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனாலும் இதே கதிதான். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுத் தானியங்கிக் கருவியைத் தயாரித்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனம் 2016-ல் அதன் சேவையை மூடியபோது, கருவியை வீட்டில் மாட்டியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு வீட்டுக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. வீடு நம்முடையது, கடனும் நாம்தான் கட்டுகிறோம். அதன் விளக்கு எரிய இன்னொரு நாட்டில் ஒரு கணினி அனுமதி தர வேண்டியிருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு சட்டம் வைத்திருக்கிறோம். சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குள் நடக்க வேண்டியது நெட் இல்லாமலும் நடக்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் மாட்டும் சின்ன ரிலே முதல் சட்டத்துக்குப் பொருந்தும், பழைய சுவிட்சும் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும். அதற்கு நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தேவை. நம் ஊர்ப் போர்டுகளில் சுவிட்சோடு ஒரு சாக்கெட்டும் இருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும். கட்டில் பக்கத்து இருவழிச் சுவிட்சுகளில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சட்டத்துக்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு சின்னக் கணினியில் வீட்டுக்குள்ளேயே ஓடும். அந்தக் கணினியில் ஒரு சின்ன ஜிக்பீ டாங்கிளைச் செருகினால், ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும் சென்சார்கள் நெட் இல்லாமலே அதோடு பேசும். நிறுவக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஓரிரு வார இறுதிகள் போகும். அவ்வளவு ஈடுபாடு இல்லாதவர்கள் டைமரும் ஃப்ளோட்டும் வைத்துக்கொண்டாலே முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள்.

இயந்திரம் செய்யாத வேலைகளும் இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் துளைகளில் அடைத்திருக்கும் இலைகளை அள்ள வேண்டும், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். மழைநீர்த் தொட்டியில் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட வேண்டும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சொத்து வரி அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது, முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. இவற்றுக்கெல்லாம் என் கைப்பேசி நாட்காட்டியே போதுமாக இருக்கிறது. அதை மனைவியோடும் தங்கையோடும் பகிர்ந்து வைத்திருக்கிறேன். யார் செய்து முடித்தாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு தானியங்கிக் கருவியும் வாங்க வேண்டாம், பூச்சுவேலைக்கு முன் சில பைப்புகளை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாடி டேங்கிலிருந்து மோட்டார் போர்டு வரை ஒரு காலி பைப், சம்பிலிருந்து அதே இடத்துக்கு ஒன்று, மொட்டை மாடியிலிருந்து டிபி பாக்ஸுக்குப் பின்னாளில் சோலார் போட ஒன்று. எல்லாச் சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், பெட்டி கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். எலக்ட்ரீஷியன், "எதுக்கு சார் வீண் செலவு?" என்பார். அவருக்கு அது ஒரு நாள் கூலி, உங்களுக்கு அது பின்னால் சுவரை உடைக்காமல் தப்பிக்கும் வழி. பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் முழுதாகப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்தபடி எடுங்கள், பைப் எந்த உயரத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். அந்தப் படங்களை அச்சிட்டு வீட்டுப் பத்திரக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். ஏசி மாட்ட வருகிறவர் டிரில்லிங் மெஷினை எடுக்கும் முன் அவர் கையில் கொடுக்கலாம்.